வளையம் இல்லாத மரம்

கொல்லைப் பனையை வெட்டிச் சாய்த்த அன்று நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மரத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த வாரம்தான் பாடம் நடந்திருந்தது. அடிமரத்தின் வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ண வேண்டும், ஒரு வளையம் ஓர் ஆண்டு. பனையின் வயது அப்பாவுக்கும் தெரியாது, ஆச்சிக்கும் தெரியாது. எண்ணிச் சொல்லிப் பெயர் வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

ரம்பத்தூளை ஊதிவிட்டுப் பார்த்தால் ஒரு வளையம்கூட இல்லை. வெளிர்ந்த சதையில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். ஓரத்தில் நெருங்கி ஒரே கறுப்பாகவும், நடுவுக்குப் போகப்போக விலகி விலகியும் கிடந்தன. எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன்.

தாத்தா தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் இருந்தபடியே சிரித்தார். "ஏல, மரமா இருந்தால்லா வளையம் இருக்கும். அது புல்லுல்லா."

இறங்கி வந்து கைத்தடியின் பூண் முனையை நடுவில் வைத்து அழுத்தினார். பொதுக்கென்று இறங்கியது. ஓரத்தில் தட்டினார். கல்லில் பட்டதுபோல 'டக்'. உள்ளே வயிரம் இருந்தால் மரம், வெளியே வயிரம் இருந்தால் புல். தொல்காப்பிய மரபியலில் இப்படித்தான் இருக்கிறது என்றார். வேம்பு மரம். மூங்கிலும் தென்னையும் பனையும் புல். வீட்டை விட உயரமாக நின்ற ஒன்று புல்லா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த பரீட்சையில் புல்லுக்கு எடுத்துக்காட்டாகப் பனையை எழுதினேன். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி விழுந்தது. தாத்தாவிடம் காட்டினேன். "அவுக கேட்ட கேள்வி வேற, நீ சொன்ன பதில் வேற" என்றதோடு சரி.

அதன் பொருள் கல்லூரியில்தான் பிடிபட்டது. அந்தக் கரும்புள்ளிகள் நீரும் உணவும் போகும் குழாய்க் கற்றைகள். வேம்பில் பட்டைக்குக் கீழே ஒரு வளர்படலம் இருந்து தண்டைப் பருக்க வைக்கிறது. பனைக்கு அந்தப் படலமே கிடையாது. பிறகு வளையம் எங்கிருந்து வரும்? நெல்லையும் பனையையும் தாவரவியல் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரு பக்கம் வைக்கிறது. ஆனால் குடும்பம் வேறு. நெல் புல் குடும்பம், பனை பனைக் குடும்பம். அந்தச் சிவப்புக் குறியும் முழுத் தப்பில்லை. உறவுமுறைப்படி பார்த்தால் பனைக்கு வேம்பைவிட நெல்தான் நெருக்கம். வேம்புக்கோ பனையைவிட ஆரஞ்சு நெருக்கம். 'மரம்' என்று ஒரு வம்சமே கிடையாது. வெவ்வேறு குலங்களில் பிறந்தவை தனித்தனியே உயர்ந்து நின்ற கோலத்துக்கு நாம் வைத்த பெயர் அது.

2016-ல் கோவா அரசு சட்டத்தைத் திருத்தித் தென்னையை மரப் பட்டியலிலிருந்து எடுத்தது. மரமில்லை என்றால் வெட்ட அனுமதி வேண்டாமல்லவா? மறுவருடமே மீண்டும் சேர்த்துவிட்டார்கள். இதற்கிடையில் தென்னை பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது. செய்தியைப் படித்தபோது கைத்தடியின் 'டக்' காதில் கேட்டது. தச்சுக்கு வயிரம் எங்கே என்று தெரிய வேண்டும், தாவரவியலுக்கு வம்சம் தெரிய வேண்டும், அரசுக்கு அனுமதி யாருக்கு என்று தெரிய வேண்டும். கோட்டை அவரவர் கேள்விதான் கிழிக்கிறது.

அந்தப் பனை தொழுவத்துக்குக் கூரைச் சட்டமானது. போன வருடம் தொழுவத்தைப் பிரித்தபோது பழைய மரம் வாங்குகிறவர் வந்தார். வெட்டுமுகத்தை விரலால் துடைத்தார். அதே மிளகுப் புள்ளிகள். தாத்தா இல்லை. புல்லா மரமா என்று இவரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று வாயெடுத்தேன்.

"ஆண்பனையா அண்ணாச்சி, பெண்பனையா?" என்று கேட்டார் அவர்.

இத்தனை வருடத்தில் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. நுங்கின் கண்ணில் கட்டைவிரலை விட்டு உறிஞ்சி, சட்டையெல்லாம் கறையாக்கி, ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"பெண்பனை" என்றேன்.