ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

ஹெல்சிங்கி

அன்புள்ள நண்பருக்கு,

இங்கிருந்து டோக்கியோவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள். பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 7,800 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரி வரை ஃபின்ஏர் விமானங்கள் ஏறக்குறைய இந்தக் கணக்குப்படியே சைபீரியாவின் மேல் பறந்தன. அதன்பின் அதே பயணம் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்வதை நான் நம்புவதில்லை. யாருடைய வானம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இது புதிய சங்கதியும் அல்ல. சோவியத் வானம் மூடிக் கிடந்த 1957-இல் எஸ்ஏஎஸ் விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து துருவப் பகுதி வழியே அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போனது. 1983-இல் ஃபின்ஏரின் டிசி-10 எங்கும் இறங்காமல் வட துருவத்தைக் கடந்து, பெரிங் நீரிணை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் பதின்மூன்று மணி நேரம்தான். நாற்பது ஆண்டுகளில் எஞ்சின் மூன்றிலிருந்து இரண்டாகி, எரிபொருள் செலவு குறைந்து, ஏர்பஸ் ஏ350 வந்துவிட்டது. கடிகாரம் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பியது. (துருவம் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். வேறு வழியில்லாத சுற்றுக்குச் சான்றிதழ்!)

காற்றை மறந்துவிட்டாயே என்பீர்கள். மறக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று போக்குக்கும் வரவுக்கும் நேரத்தை மாற்றத்தான் செய்கிறது. அதனால்தான் டோக்கியோ போகையில் மத்திய ஆசியா வழியும், திரும்புகையில் துருவ வழியும் பல நாட்களில் லாபமாகின்றன. ஆனால் அனுமதி விட்டுவைத்த வழிகளுக்குள்தான் காற்று தேர்வு செய்கிறது. போர்க்காலத்து விதிவிலக்கை வைத்து விதி எழுதலாமா என்றும் கேட்கலாம். ரஷ்யா தடுக்காத சீன விமானங்கள் ஐரோப்பாவிலிருந்து இன்றும் சைபீரியா வழியே குறுக்காகப் பறக்கின்றன. ஒரே நாளில், ஒரே இரு நகரங்களுக்கு இடையே, டிக்கெட்டில் அச்சான நிறுவனப் பெயரைப் பொறுத்து நேரம் மாறுகிறது. தூரம்தான் காரணம் என்றால் அப்படி மாற இடமேது?

மூன்றரை மணி நேரம்தானே கூடியது என்று தள்ளிவிடவும் முடியாது. ஒன்பதரை மணிப் பயணமாக இருந்தவரை ஒரே விமானம் ஆசியா போய்த் திரும்பி, 24 மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பத் தயாராகிவிடும். ஃபின்ஏரின் ஆசிய வியாபாரம் நின்றதே அந்தக் கணக்கின் மேல்தான். போக்குக்குப் பதின்மூன்று, வரவுக்குப் பதின்மூன்று என்றானதும், தினசரி சேவைக்கு ஒரு விமானம் போதவில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்