பீலிக்கரையில் படித்த பாடம்

ஒவ்வோர் ஆண்டும் ஃபிக்ஹு வகுப்பில் நான் நடத்தும் முதற்பாடம் தண்ணீரைப் பற்றியது. எந்தத் தண்ணீரில் வுளூச் செய்யலாம், எதில் கூடாது, எவ்வளவு போதும் என்று இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன். ஆனால் அந்தப் பாடத்தை நான் சரியாகப் படித்தது மஸ்கெலியாவில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில்தான்.

என்னோடு அரபுக் கல்லூரியில் ஓதிய நண்பர் அங்கே சிறு கடை வைத்திருக்கிறார். "ஒருக்கா வந்திட்டுப் போ மச்சான்" என்று பல காலமாக அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெப்ரவரி மாதம் என் இளைய மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹட்டனில் ரயிலை விட்டிறங்கி பஸ் ஏறினோம். வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்தது. 1960களின் பிற்பகுதியில் இதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. நீர் குறையும் காலங்களில் அந்நகரின் வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதுண்டு.

மறுநாள் காலை, தோட்டத்துக்கு மேலேயுள்ள ஊற்றைப் பார்க்க நடந்தோம். இரு பக்கமும் பாறை உயர்ந்து நிற்க, நடுவே ஓடை. கொழுந்து மலையின் வெயிலிலிருந்து அந்தப் பிளவுக்குள் நுழைந்ததும் உடம்பு சில்லிட்டது. பாலைவனப் பயணி சுனையைக் கண்ட மகிழ்ச்சியை அரபு நூல்களில் ஓதியிருக்கிறேன். அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மகிழ்ச்சியைக் கெடுத்தவை அட்டைகள். "எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருக்கலாம்" என்றேன். நண்பர் சிரித்தார். இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு பாவா ஆதம் மலைக்கு ஏறிய பயணத்தில் இந்த அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் மக்கள் எலுமிச்சை பிழிவதைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் ஒன்றாக ஓதிய பகுதி அது.

லுஹருடைய நேரத்தில் லயத்தின் அருகேயுள்ள பீலிக்கரைக்கு இறங்கினோம். பீலியில் சுண்டுவிரல் தடிப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அட்டை கடித்த இரத்தத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு ஆறுதலாக வுளூச் செய்தேன். மூன்று முறை கழுவ வேண்டிய காலை எத்தனை முறை கழுவினேனோ!

"வாப்பா, அவங்க நிக்கிறாங்க" என்றான் மகன்.

திரும்பிப் பார்த்தேன். வயதான ஒரு தாயும் இரண்டு பெண்களும் கேன்களோடு நின்றார்கள். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கியவர்கள். நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம் அப்படியே இருந்தது. நான் பதறி விலகினேன்.

"பரவாயில்லீங்க ஐயா, சாமி கும்பிடத்தானே? நல்லா கழுவுங்க" என்றார் அந்தத் தாய்.

அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. வெயில் காலத்தில் அந்த லயத்துக்கு அந்த ஒரு பீலிதான் என்று நண்பர் பிறகு சொன்னார். நான் தண்ணீரை ஓடவிட்ட நேரம், அவர்கள் சோறு தின்ன வேண்டிய நேரம்.

மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. கொழும்பு நகரமும் அந்தக் கங்கையின் நீரைக் குடிக்கிறது. அது பிறக்கும் மலையில் கொழுந்து பறிப்பவர்களோ ஒரு கேன் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் வுளூச் செய்தார்கள் என்று நான் ஓதிக்கொடுக்கிறேன். நடுத்தரமான ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு அது; ஒரு லீட்டர்கூட வராது.

ஊர் திரும்பி மத்ரஸா தொடங்கியதும், கிதாபைத் திறக்கும் முன் அந்த அளவுத் தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்து, மாணவர்களின் முன்னிலையில் நானே வுளூச் செய்து பார்த்தேன். காலுக்கு வரும்போது தண்ணீர் முடிந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். குழாயைத் திறக்கும்போதெல்லாம் நமக்குப் பின்னால் ஒரு தாய் கேனோடு நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.