கோட்டுக்கு முன்னால் நின்ற மனிதர்

கெவின் சின்ஃபீல்டை ரக்பி லீக் ரசிகர்களுக்கு லீட்ஸ் ரைனோஸ் கேப்டனாகத் தெரியும். அவர் தலைமையில் அந்த அணி 7 சூப்பர் லீக் பட்டங்களை வென்றது. ஓய்வுக்குப் பின் ரக்பி யூனியனுக்குப் போய், இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரானார்.

என் மனதில் நிற்பது வேறொரு காட்சி. சக வீரர் ராப் பர்ரோவை நரம்பு நோய் முடக்கிப்போட்டது. நண்பனுக்காக 2020-இல் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார் சின்ஃபீல்ட். 2023 லீட்ஸ் மாரத்தானில், ராப்பைச் சக்கர நாற்காலியில் வைத்து 42 கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே ஓடினார். முடிவுக் கோட்டுக்கு முன்னால் நின்றார். குனிந்தார். நண்பனைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு கடந்தார்.

2024 ஜூனில் ராப் போய்விட்டார்.

பயிற்சியாளர் வாயால் சொல்லித்தருவது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கைகள் சொல்லித்தருகின்றன.

அந்த மாரத்தான் வீடியோவை இன்றும் முழுசாகப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிடுகிறது.