வேலூர்ச் சிப்பாயின் நெற்றியில் என்ன?



நவராத்திரிக்கு எங்க வீட்டில் ஐந்து படி கொலு வைப்போம். மேல் படியெல்லாம் சாமிக்கு. கடைசிப் படியில்தான் செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், பேண்ட் செட், அப்புறம் துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள். சிப்பாய்கள் எல்லாருக்கும் ஒரே சிவப்புச் சட்டை, ஒரே மீசை. "இவங்க எந்த நாட்டுப் படை ஆயா?" என்று கேட்டால், "பண்ருட்டிப் படைடா" என்று சொல்லிவிட்டு ஆயா வேலையைப் பார்க்கப் போய்விடும்.

ஆயா சொன்னது பொய்யில்லை. நம்ம மாவட்டத்துப் பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் மட்டுமா பேர் போனது? மண் பொம்மைக்கும்தான். இந்த வருஷம் தாத்தாவோடு சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக பஸ் பிடித்துப் போய், வண்ணம் பூசாத சிப்பாய் பொம்மை பத்து வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம். அச்சில் மண்ணை அமுக்கி, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, காயவைத்துச் சுடுகிறார்கள். அங்கே பூசிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "உப்புத்தாள் போட்டுத் தேய், வெள்ளை அடி, அப்புறம் சட்டை, முகம். கண்ணு மட்டும் கடைசியில வை தம்பி. கண்ணு வெச்சுட்டா அது உன்னையே பாக்கும், கை நடுங்கும்" என்றார். நிஜம்தான் நண்பர்களே, நடுங்குது!

பொம்மைக்கு வண்ணம் அடிப்பது சின்னப் பிள்ளை வேலை என்று சிலர் கேலி செய்தார்கள். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களே இதைச் செய்கிறார்கள் என்று சென்னையில் இருக்கும் மாமா மகன் படம் காட்டினான். கட்டைவிரல் அளவு சிப்பாய்களை வாங்கி, வண்ணம் பூசி, மேசையில் நிறுத்திப் பழைய போர்களை விளையாடுகிறார்களாம். அவன் காட்டியது ரஷ்யப் பேரரசரின் காவல்படை. 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் புகுந்தபோது அவர்கள் போட்டிருந்த கரும்பச்சைக் கோட்டு. காலர் சிவப்பென்றால் பிரியோபிராஜென்ஸ்கி படை, வெளிர் நீலமென்றால் செம்யோனோவ்ஸ்கி, பச்சையே என்றால் இஸ்மாயிலோவ்ஸ்கி. காலர் நிறம் மாறினால் படையே மாறிவிடும்! இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பிரியோபிராஜென்ஸ்கி படை ஆரம்பித்ததே விளையாட்டாகத்தான். மாஸ்கோ பக்கத்துக் கிராமத்தில், சிறுவனாக இருந்த மகா பீட்டர் பையன்களைச் சேர்த்துப் போர் விளையாட்டு நடத்தினார். அந்த விளையாட்டுப் படைதான் பிற்பாடு நிஜக் காவல்படை ஆனது. நம்மை யாராவது "விளையாடாதே" என்று திட்டினால் இதைச் சொல்லலாம் (ஆசிரியர்கள் மன்னிக்கவும்).

அவர்களுக்கு ரஷ்யக் காவல்படை என்றால், என் பத்து பேர் யார்? துப்பாக்கி இருக்கிறது, சிவப்புச் சட்டை போடலாம். அப்போது நினைவுக்கு வந்தது நம் வரலாற்றுப் பாடம், 1806 வேலூர்ப் புரட்சி. கம்பெனியின் மதராஸ் படையில் இருந்த நம் ஆட்களும் சிவப்புச் சட்டைக்காரர்கள்தானே.

பாடத்தில் "புதிய இராணுவ விதிமுறைகள்" என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்துவிட்டு விடுகிறோம். பிரஷ்ஷைக் கையில் எடுத்தால்தான் அது என்ன என்று புரிகிறது. தளபதி சர் ஜான் கிரடாக் காலத்து விதி: சீருடையில் இருக்கும்போது நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கு மேல் அக்னியூ தலைப்பாகை, பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, தோலில் செய்த சின்னம் வைத்தது. 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு அதை அணிய மறுத்தது. முன்நின்ற இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஜூலை 10 விடியும் முன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கிவிட்டார். எத்தனையோ சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு அந்த விதிகளை வாபஸ் வாங்கினார்கள். கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ரஷ்யாவிலும் பீட்டர் 1698இல் தாடியில்தான் கை வைத்தார். வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் வரி கட்ட வேண்டியிருந்தது. அங்கே காசு, இங்கே முதுகுத்தோல்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். பத்து சட்டையும் சிவப்பு அடித்தாயிற்று. முகத்துக்கு என்ன? விதிப்படி பூசினால் பத்தும் வெறும் நெற்றி, பத்தும் மழித்த தாடை. ஆயா வீட்டுப் பழைய செட் மாதிரியே இருக்கும். "ஒரே மாதிரி இருந்தாதாண்டா செட்டு. ஆளுக்கு ஒரு நெத்தின்னா அது திருவிழாக் கூட்டம்" என்றது ஆயா.

என் சின்னத் தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர், வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். அவரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பொம்மையை எடுத்து, தோள், துப்பாக்கி பிடித்த கை எல்லாம் பார்த்தார். "உடுப்பு ஒண்ணா இருக்கணும்டா, அது வேணும். பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு யோசிக்காம சுடணும் இல்ல? ஆனா சீக்கியனைப் பாரு. தாடி, தலைப்பாகையோடதான் பரேடு நடக்கிறான். எவனாவது சிப்பாய் இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவனுங்க 900 அடி வாங்குனது எதுக்கோ, அதை நீ துடைச்சுட்டுப் பூசாத" என்றார்.

அதுக்கு மேல எனக்கு யோசனையே வரல. மூன்று பேருக்கு விபூதிப் பட்டை. மூன்று பேருக்கு நாமம். குண்டூசி முனையால்தான் போட முடிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டு. நாமத்துக்கு மாதிரி தேட வேண்டியதில்லை, நம் ஊர் வீரநாராயணப் பெருமாள் கோயில் வாசலில் நின்றாலே போதும். நான்கு பேருக்குத் தாடி. காதில் கடுக்கனுக்கு மஞ்சள் புள்ளி. மீசை பத்தும் பத்து விதம். ஆயா பார்த்துவிட்டு, "இந்த மூணாவது ஆளு உங்க கொள்ளுத்தாத்தா ஜாடைடா" என்றது. அதற்குப் பிறகு செட் பற்றிப் பேச்சே இல்லை!

அக்னியூ தலைப்பாகையும் ஒன்று செய்தேன், அட்டையில். யார் தலையிலும் வைக்கவில்லை, வரிசைக்கு முன்னால் தரையில் கிடக்கிறது.

வரலாறு ஆசிரியர் அனுமதியோடு பத்து பேரும் இந்த வாரம் நூலக மேசையில் நிற்கிறார்கள். வந்து பாருங்கள். தொட மட்டும் தொடாதீங்க, கடைசி ஆளுக்கு நேத்துதான் கண்ணு வெச்சேன், இன்னும் காயல.

— 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்