கழற்றத் தெரிந்தவர்கள்

பழைய வீடு பார்க்க நூம்பலுக்குப் போகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அடுக்குமாடிகளும் கிடங்குகளும்தான். அவற்றுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் சில வீடுகள் படுத்துக் கிடக்கின்றன: தூண் தனி, உத்தரம் தனி, நிலைக்கதவு தனி. இடித்த வீடுகளின் மரத்தை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் பட்டறை அது.

நான் போனபோது காரைக்குடிப் பக்கத்து வீடொன்றின் போதிகையை, அதாவது தூண் தலையில் உட்காரும் தாங்குகட்டையை, உத்தரத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார் மூத்த ஆசாரி. வயது எழுபதை நெருங்கும். சொந்த ஊர் தேவகோட்டை. அந்த மூட்டில் இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. போதிகையின் கழுந்து, அதன் நாக்குப் போன்ற முனை, உத்தரத்துக்குள் புகுந்திருக்க, குறுக்கே ஒரு மரமுளை. முளை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த முனை எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்தார். அதன்மேல் ஒரு குச்சியை வைத்துக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினார். எதிர்ப்பக்கம் முளை தலைநீட்டியது. அவசரப்பட்டு இழுக்கவில்லை. இன்னும் இரண்டு தட்டு, கையோடு வந்துவிட்டது.

"பக்கம் மாத்தித் தட்டினா முளை இன்னும் இறுகும், உத்தரம் பிளக்கும். பிளந்தா விறகுதான் தம்பி."

முளைக்கான துளையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உத்தரத்துத் துளையும் கழுந்துத் துளையும் நேருக்கு நேர் இருப்பதில்லை. ஒரு நூல் தள்ளிப் போடுகிறார்கள். அடிக்க அடிக்க முளை கழுந்தை உள்ளே இழுத்துப் பூட்டிவிடுகிறது. வேல்ஸ் நாட்டின் பழைய மரச்சட்டப் பண்ணை வீடுகளை நிறுத்தி வைத்திருப்பதும் இதே உத்திதான். அங்கே மரம் ஓக். ஈரம் காயுமுன்பே செதுக்கிப் பூட்டுவார்கள். காயக் காய மூட்டு இறுகும். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி மண் பூசினால் சுவர். நம்மூர் மண்சுவர்க்காரருக்கு அது புரியாத வேலையல்ல.

1678இல் கட்டப்பட்ட அபெர்நோட்விட் என்ற பண்ணை வீட்டை அப்படியே கழற்றி, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும், கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீடும் இப்படிக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டியவைதான். பூட்டிய முறை தெரிந்தவன்தான் கழற்ற முடியும். மயமதம் என்ற பழைய கட்டடக்கலை நூலில் மர மூட்டுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆசாரி அதைப் படித்ததில்லை, படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பிரித்த ஒவ்வொரு துண்டிலும் அடையாளத்துக்காக உளியால் கோடு வெட்டுகிறார். சுண்ணாம்புக்கட்டியால் எழுதினால் ஒரு மழைக்குப் போய்விடும். நேர்க்கோடுகளும் சாய்கோடுகளும் மட்டும். உளிக்கு வளைவு வசப்படாது. வேல்ஸ் தச்சர்கள் ரோமன் எண்களைப் போன்ற கோடுகளை வெட்டியதற்கும் அதுவே காரணம்.

இவ்வளவு பக்குவம் பார்த்துக் கழற்றிய மரம் பட்டறையில் கொஞ்சம்தான். மூலையில் அடுக்கியிருந்த உத்தரங்களின் முனைகளைப் பார்த்தேன். பெரும்பாலானவை வாளால் அறுபட்டவை. வீட்டை இடிக்க எடுக்கும் கான்ட்ராக்டருக்கு நாள்கணக்குதான் முக்கியம். சுவரோரமாக இயந்திர வாளை வைத்து அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். கழுந்தும் போய், அடி இரண்டடி நீளமும் போய்விடும். மீதியை மேசையாக்கலாம், ஓட்டல் வரவேற்பறைப் பலகையாக்கலாம், வீடாக்க முடியாது.

அது பர்மா தேக்கு என்பதுதான் எனக்குக் கூடுதல் வயிற்றெரிச்சல். காட்டில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையோடு வெட்டுப் போட்டு, நின்றபடியே ஆண்டுக்கணக்கில் காயவிட்டு, பிறகு சாய்த்து ஆற்றில் மிதக்கவிட்டுத் துறைமுகம் சேர்த்த மரம். பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழ்ந்துவிடும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. அதைச் செட்டிநாடுவரை கொண்டுவந்து ஒரு தலைமுறை மூட்டுப் போட்டது. நாம் அதை ஒரு பிற்பகலில் அறுக்கிறோம்.

வாங்க வருகிறவர்களும் மரத்தின் கன அடியைத்தான் கேட்கிறார்கள், மூட்டை யாரும் கேட்பதில்லை. ஆசாரியின் மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. "அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றார். பட்டறையில் அவரிடம் தொழில் பழகுகிற இரண்டு இளைஞர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள். உளியைப் பிடிக்கும் கோணத்தைக் கையைப் பிடித்தே காட்டுகிறார், பாதித் தமிழ், பாதி சைகை.

உங்கள் ஊரில் தாத்தா வீட்டை இடிக்கப்போகிறீர்கள் என்றால் இடியுங்கள். அது உங்கள் கஷ்டம், உங்கள் முடிவு. ஆனால் கான்ட்ராக்டரை அழைப்பதற்கு முன்னால் மூட்டுத் தெரிந்த ஆசாரி ஒருவருக்கு ஒரு வாரக் கூலி கொடுத்து, மரத்தைக் கழற்றி அடையாளம் வெட்டச் சொல்லுங்கள். அறுத்த மரத்தைவிட முழு மரத்துக்கு விலையும் கூடுதலாகவே கிடைக்கும்.