தவத்துக்குச் சோறு போடும் தொழில்

ஒரு காரியம் பொழுதுபோக்கா, தொழிலா, தவமா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: இதை நாளைக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

வங்கி வேலை என் தொழில். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு இன்னொருவர் வந்தார். கவுண்ட்டரில் வேலை தடைபடவில்லை. தொழில் அப்படித்தான் நடக்க வேண்டும். மாலையில் புல்லாங்குழல் வாசிப்பது என் பொழுதுபோக்கு. அதை நிறுத்தினால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். ஆனால் சிலர் ஒன்றைக் கைவிட்டால் அந்தக் காரியமே நடக்காமல் போய்விடும். அதைத்தான் தவம் என்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பிழைப்புக்கு விளம்பரப் பலகை எழுதியவர். பழைய புத்தகம் வாங்குவது அவருக்கு ஆசை. அந்த ஆசை வளர்ந்து வளர்ந்து, நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் சேர்ந்தன. 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்கச் செய்தது. அவர் எழுதாத பலகையை வேறொருவர் எழுதியிருப்பார். அவர் சேர்க்காமல் விட்ட புத்தகம் பழைய காகிதக் கடைக்குப் போயிருக்கும்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சி.வை.தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். 1887இல் முன்னவர் சீவக சிந்தாமணியையும் பின்னவர் கலித்தொகையையும் பதிப்பித்தார்கள். ஏடு தேடி அலைந்த நாட்களிலும் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது தொழில் தந்த வருமானத்தால்தான். அவர்களுடைய தவத்துக்குச் சோறு போட்டது தொழில். ஆகவே, வயிற்றுப் பிழைப்பு என்று தொழிலை இளக்காரமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அக்கா மகள் நன்றாகக் கேக் செய்வாள். "வேலையை விட்டுட்டு இதையே செய்யலாமா மாமா?" என்று கேட்டாள். "கை ஓடாத நாளிலும், ஆர்டர் வந்துடுச்சேன்னு முகம் சுளிக்காமல் செய்வியா?" என்று திருப்பிக் கேட்டேன். முடியும் என்றால் அது தொழிலாகும். முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருக்கட்டும். அதில் குறைவொன்றும் இல்லை. எல்லாரும் தவம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

என் மனத்தை உறுத்துவது வேறு. செவிலியரிடமும் தனியார் பள்ளி ஆசிரியரிடமும் "இது வேலையில்லை, சேவை" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறோம். மனமொன்றி வேலை செய்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பாதகமாகிவிடுகிறது. தவம் செய்கிறவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் படிப்புச் செலவு உண்டு. அவர்களை வாயாரப் புகழுங்கள். அதற்கு முன், உரிய கூலியைக் குறையாமல் கொடுத்துவிடுங்கள்.