அப்பாவின் காதுக்காக ஒரு வேன்

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கொடைக்கானல் மலை நீலமாகத் தெரியும். அந்த மலையில் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டியவர் என் அப்பா. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இஞ்சின் உட்கார்ந்து உறுமிய காலத்து வண்டிகள் அவை. ரிட்டயர் ஆகும்போது பென்ஷனோடு காது மந்தமும் வந்துவிட்டது.

சத்தத்தால் வரும் மந்தம் ஒரு விசித்திரம். கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் காணாமல் போய்விடும். அம்மா ‘சக்கரை’ என்றால் அப்பாவுக்கு ‘அக்கரை’. எந்த அக்கரை என்று கேட்பார். வீட்டில் சிரிப்பாக இருக்கும், அவருக்கு இருக்காது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள் பரவாயில்லை.

பிறகு நான் 1999 மாடல் மாருதி ஆம்னி ஒன்றை பழைய விலைக்கு வாங்கினேன். பின்னால் பலகை போட்டு மெத்தை விரித்து, ஒரு சின்ன ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு சுற்றுவதற்கு. முதல் பயணத்திலேயே அப்பா ஏறி உட்கார்ந்து, மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இத மாட்டினா வண்டி சத்தம்தான்டா பெருசா கேக்குது.”

மலை முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி மௌனமாக வந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனுஷன்! அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வண்டியின் வாயைக் கட்ட வேண்டும் என்று.

உறவினர் ஒருவர் முட்டை அட்டை ஒட்டச் சொன்னார். இன்னொருவர் தெர்மோகோல். இரண்டும் வண்டிச் சத்தத்துக்கு உதவாதவை. தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வாங்கிக் கதவெல்லாம் ஒட்டினேன். கீழே வெயில், மேலே மூடுபனி. இரண்டு தரம் கொடைக்கானல் போய் வந்ததும் வண்டிக்குள் நனைந்த நாய் வாசம். பிரித்துப் பார்த்தால், தண்ணீரைக் குடித்த ஸ்பாஞ்சுக்குப் பின்னால் துரு கோலம் போட்டிருந்தது. சத்தமும் குறையவில்லை.

பெரியகுளம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் கதவை விரல் மொட்டியால் தட்டினார். ‘டங்’ என்றது.

“இது கதவு இல்ல சார், தவில். தோல் அதிருற வரைக்கும் நீங்க மேல என்ன துணி போத்தினாலும் கேக்கத்தான் செய்யும்.” உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். ‘தட்’. “இதுதான் வேணும்.”

அந்த உள்ளங்கை வேலையைச் செய்வது பியூட்டைல் ரப்பர் ஷீட். ஒரு பக்கம் வெள்ளிக் காகிதம், மறு பக்கம் பிசினாக ஒட்டும் கறுப்பு ரப்பர். தகடு அதிரும் சக்தியை அது உள்ளுக்குள் வாங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. நடுப்பகுதியில் நாலில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். இது காசு விஷயம் மட்டுமில்லை. இரண்டு மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ கனக்கும். வண்டியில் இருப்பதோ 796 சிசி இஞ்சின். அது எங்களையும் சுமந்துகொண்டு 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டாமா?

மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாயிற்றே என்று கேட்டேன். “நம்ம ஊர் சித்திரை வெயில்ல உருகி, நாத்தம் தாங்காது” என்றார்.

ஆனால் ஷீட்டைத் தொடுவதற்கு முன்பே இரண்டு நாள் வேறு வேலை நடந்தது. சைலன்சரில் பொத்தல் இருந்தது, மாற்றினார். கதவு பீடிங் ரப்பர் அப்பளமாகக் காய்ந்திருந்தது, புதுசு போட்டார். சத்தம் தண்ணீர் மாதிரி, சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். ஒரு தடுப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே, மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. சைலன்சர் பொத்தல் சத்தத்தைவிட ஆபத்தானதும்கூட. வண்டிக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சத்தத்துக்காக எல்லாச் சந்தையும் அடைத்தாலும், இரவில் இரண்டு ஜன்னல்களை விரல் அளவாவது திறந்து வைக்கிறோம். இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதில்லை.

ஆம்னியில் முக்கியமான இடம் முன் சீட்டுக்கு அடியில்தான். இஞ்சின் அங்கேயே குடியிருக்கிறது. அப்பாவின் பழைய பஸ் கதைதான், கொஞ்சம் சின்ன அளவில். அந்த மூடியின் விளிம்பு ரப்பரை மாற்றியதிலேயே பாதி இரைச்சல் அடங்கியது என்பேன். மூடியின் அடியில் சாதாரண ஃபோம் கூடாது. சூடு, பெட்ரோல் ஆவி இரண்டும் இருக்கும் இடம். அலுமினியத் தாள் போர்த்திய, தீப்பிடிக்காத கண்ணாடி இழை விரிப்பை வைத்து, இழை பறக்காதபடி ஓரங்களை ஃபாயில் டேப்பால் மூடினார்.

கதவுக்கும் கூரைக்கும் ரப்பர் ஷீட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத, மூடிய துளை ஃபோம். கடையில் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பார்த்தே வாங்கினேன். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. தரைக்கு ஃபோம், அதன் மேல் கனமான ரப்பர் மேட். கடைசியாக எங்கள் வீட்டு ஜமுக்காளம். அது அம்மாவின் யோசனை.

போன் ஆப்பில் அளந்தால் ஆறேழு டெசிபல்தான் குறைந்திருந்தது. பத்து குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றுமாம். இவ்வளவு செலவுக்கு இவ்வளவுதானா என்று எனக்குச் சுணக்கம்தான். முழு நிசப்தமும் வேண்டாம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ வேண்டுமே.

போன வாரம் காலையில் கிளம்பினோம். இ-பாஸ் எடுத்தாயிற்று. காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியபோது கண்ணாடியில் பார்த்தேன். அப்பா மிஷினை மாட்டியிருந்தார். கையைக் காதருகே கொண்டுபோனார், தொட்டார், அப்படியே எடுத்துவிட்டார். டம் டம் பாறையில் நிறுத்தி, எதிர்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூலாக விழும் தலையாறு அருவியைப் பார்த்தோம். எலிவால் அருவி என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும்.

திரும்ப வண்டியை எடுத்து அடுத்த வளைவில் ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“டேய், இஞ்சின் திணறுறது உனக்குக் கேக்கலையா? செகண்டுக்கு மாத்து!”

மாற்றினேன். அந்த வளைவில் ஒரு மழை ராத்திரி மரம் விழுந்த கதையை அவர் ஆரம்பித்திருந்தார்.